மஞ்சள் கயிற்றில் கட்டிய பவளம்

முகிலா,

நீ அனுப்பிய கல்யாண அழைப்பிதழ் போனில் வந்து சேர்ந்தது. எழுத்துப் பொடியாக இருந்ததால் விரலால் விரித்து விரித்துப் படித்தேன். பெண்ணின் பெயர் நன்றாக இருக்கிறது. விமான டிக்கெட்டையும் நீயே போட்டுவிட்டாய். எப்போது கிளம்புகிறீர்கள், ஏர்போர்ட்டுக்கு யார் கொண்டுவந்து விடுவார்கள் என்று கேட்டிருக்கிறாய். அதே மூச்சில் மீன் தொட்டியை விற்றாயிற்றா என்றும் கேட்டிருக்கிறாய். இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுவாய். எழுத்தை அப்படி அடைக்க முடியாது. படிக்காமல் வேண்டுமானால் வைத்துவிடலாம், அது உன் பாடு.

தொட்டியை விற்றாயிற்று. நீலாயிலிருந்து ஒருவர் லாரியோடு வந்து கண்ணாடி, விளக்கு, பம்பு, உள்ளே இருந்த பெரிய பாறைகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார். நம் எஸ்டேட் வீட்டு ஹாலில் அது இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் வேறு நிறமாகத் தெரிகிறது. பவளங்களை மட்டும் நான் விற்கவில்லை. அவற்றை யோகேஸிடம் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. அவள் உன் மனைவியாக இந்த வீட்டுக்கு வந்த புதிதில் நீங்கள் இருவரும் சேர்ந்து ஆசைப்பட்டு வாங்கியவைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உப்புக் கரைத்ததும், தண்ணீர் மாற்றியதும், கரண்டு போன நாளில் வாளியில் மோந்து மோந்து ஊற்றிக் காற்றுக் கொடுத்ததும் அவள். வளர்த்தவள் கையில் கொடுத்தேன், அதில் எனக்கு உறுத்தல் இல்லை. கொடுப்பதற்கு முன்னால் நான் செய்த வேலைதான் உறுத்துகிறது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ பெர்த்துக்கு வேலைக்குப் போய், அங்கே வேறொருத்தியோடு மனசு போய், இனி இவளோடு வாழ முடியாது என்று போனிலேயே முடித்துக்கொண்டாய். யோகேஸ் ராசாவில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். துணிமணிகளை எடுத்துக்கொண்டாள், தையல் மெஷினை எடுத்துக்கொண்டாள். தொட்டியை அவள் அம்மாவின் அடுக்குமாடி வீட்டுக்குள் எப்படி ஏற்றுவது? அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் தன் சின்னக் காடியை ஓட்டிக்கொண்டு, நம் எஸ்டேட்டுச் செம்மண் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி வந்தாள். கையில் உப்பு மூட்டையோடு வந்து நிற்பாள். "சாப்பிட்டியாம்மா?" என்பேன். "மொதல்ல தண்ணிய பாத்துர்றேன் அத்தை" என்பாள். தொட்டி வேலை முடிந்தபின் கருவாட்டுக் குழம்பும் சோறும் போடுவேன். அக்கம் பக்கத்தில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். புருசனே வேண்டாம் என்று விட்ட பிறகு மாமியார் வீட்டில் இவளுக்கு என்ன வேலை என்று கேட்டவளும் உண்டு. "என் வீட்டுக்கு யாரு வரணும்னு நீ பெர்மிட் குடுக்குறியா?" என்று கேட்டு அனுப்பினேன். உன் அம்மாவின் வாய் உனக்குத் தெரியும்.

பிறகு நீ தொட்டியை விற்கச் சொன்னாய். அன்று யோகேஸ் ஒரு சின்னத் தொட்டி வாங்கியிருப்பதாகச் சொன்னாள், பவளங்களை மட்டும் கொண்டுபோகிறேன் அத்தை என்றாள். அவை பாறையோடு பாறையாக வளர்ந்து கிடந்தன. பாறையோ அவள் தொட்டிக்குள் நுழையாது. ஆகவே ஒவ்வொன்றிலும் துண்டு வெட்டி, சின்னச் சின்ன அடித்தளத்தில் பொருத்தி, அது நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு எடுத்துப்போக வேண்டும். பிடிக்காமல் எடுத்தால் நம் ரோட்டுக் குலுக்கலில் வாளிக்குள்ளேயே கழன்று ஒன்றோடொன்று மோதிச் செத்துவிடும். எதில் பொருத்துவது, எதால் ஒட்டுவது என்று அவள் பேசிய பேச்சில் எனக்கே பாதிப் பாடம் மனப்பாடம் ஆகிவிட்டது. சிமெண்டுத் துண்டு வேண்டாம், பல நாள் ஊறவைக்காவிட்டால் தண்ணீரைக் கெடுத்துவிடும். இரும்பு, செம்பு எதுவும் கிட்டேயே வரக்கூடாது. சொரசொரப்பான சுட்ட மண்ணோ, செத்த பவளக் கல்லோ, கடையில் விற்கும் மெருகில்லாத பீங்கான் பிளக்கோ இருக்கலாம். ஆணியைப் போலத் தட்டைத் தலையும் கீழே காம்பும் இருக்குமே, அந்தப் பிளக். நீ எப்போதும் அதில்தான் ஒட்டுவாய். வேண்டும்போது பிடுங்கி வேறு இடத்தில் செருகலாம் என்பாய். வாரத்துக்கு ஒரு முறை இடத்தை மாற்றுவாய். "சும்மா நகத்திக்கிட்டே இருக்காதீங்க, அது பயந்துகிட்டு தெறக்கவே மாட்டேங்குது" என்று அவள் சண்டை பிடிப்பாள். பெரிய பாறையிலேயே நேராக ஒட்டி, அதை அதன்பாட்டுக்கு விட வேண்டும் என்பது அவள் கட்சி. அப்போது நான் சிரித்துக்கொண்டே காய் நறுக்குவேன். உன் குணம் அங்கேயே தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் உறைக்கவில்லை.

முதல் ஞாயிறு இருவரும் உட்கார்ந்தோம். "எலும்பு இருக்கிற கோரலுக்கு குளூ போதும் அத்தை. கெட்டியா ஜெல்லு மாதிரி இருக்கிறதுதான் நல்லது. எலும்பு இல்லாத மெத்து மெத்துன்னு இருக்கே, அதுக்கு குளூ நிக்காது. சளி விட்டு நழுவிரும். கல்லோட சேத்துக் கட்டி வைக்கணும், அதுவா பிடிச்சிக்கும். இறுக்கிக் கட்டுனா அறுத்துரும், தொளதொளன்னு கட்டுனா ஓடிரும்" என்று சொல்லிக்கொண்டே தூண்டில் நரம்பால் கட்டினாள். நரம்பு தீர்ந்துபோனது, மழையும் கட்டிக்கொண்டு வந்தது. மழை பெய்தால் நம் ரோட்டில் காடி இறங்காது. "நீ கெளம்பு, மீதிய நான் கட்டிர்றேன்" என்று அவளை அனுப்பிவிட்டு நூலைத் தேடினேன். தையல் நூல் அவள் மெஷினோடு போய்விட்டது. பூசை அலமாரியில் காப்புக் கட்ட வைத்திருந்த மஞ்சள் கயிறு ஒரு கண்டு இருந்தது. கெட்டியான கயிறு, மஞ்சள் வேறு கிருமியைக் கொல்லும் என்று நானே ஒரு நியாயத்தையும் கண்டுபிடித்துக்கொண்டு மெத்துப் பவளத் துண்டுகளைக் கல்லோடு வைத்துக் கட்டினேன். கட்டி முடித்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் மூன்று முடிச்சு. நான் யோசித்துப் போடவில்லை, அந்தக் கயிற்றைக் கையில் எடுத்தால் விரல் அப்படித்தான் போடும்.

அடுத்த ஞாயிறு அவள் வந்து பார்த்தபோது கயிறு இற்றுப்போய், துண்டுகள் பாறைக்குப் பின்னால் விழுந்து கிடந்தன. தண்ணீருக்குள் கைவிட்டு அந்த நைந்த கயிற்றை எடுத்தாள். சாயம் போய் வெளிறிக் கிடந்தது. "என்னா அத்தை இது?" என்றாள். "கயிறுதான்" என்றேன். "ஒலகத்துல இந்தக் கயிறுதான் கெடைச்சிச்சா ஒங்களுக்கு?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சிரிப்பு நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து, ஈரக் கையை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வீட்டை விட்டுப் போன நாளில்கூட என் முன்னால் அழாதவள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினேன். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பருத்தி நூலு உப்புத் தண்ணியில எங்க அத்தை நிக்கும்? மறுபடியும் வெட்டணும். அடுத்த வாரமும் வரணும்" என்றாள்.

அடுத்த வாரமும் வரணும். அந்த ஒரு சொல் என் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. இவை எல்லாம் ஒழுங்காக ஒட்டிவிட்டால் இவள் எடுத்துக்கொண்டு போய்விடுவாள், அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு வர இவளுக்குக் காரணம் இருக்காது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒட்டாவிட்டால் வருவாள்.

அதற்கு அடுத்த வாரம் பிளக் தீர்ந்துவிட்டது. "பழைய மங்கு ஒடைஞ்சது கெடந்தா கழுவி வைங்க அத்தை, சொரசொரப்பா இருக்கிற பக்கமா ஒட்டலாம்" என்று போனில் சொன்னாள். வீட்டுக்குப் பின்னால், ரப்பர் பால் வெட்டிய காலத்தில் மரத்தில் கட்டிப் பால் பிடித்த பீங்கான் மங்குகள் உடைந்து கிடக்கின்றன அல்லவா, அவற்றைப் பொறுக்கிக் கழுவினேன். அடிப்பக்கம் சொரசொரப்பு, உள்பக்கம் மெருகு போட்டு வழவழப்பு. நான் வழவழப்பான பக்கத்தில் ஒட்டினேன். தெரியாமல் ஒட்டவில்லை, முகிலா. தெரிந்தே, ஈரத்தைத் துடைக்காமல், ஒட்டாது என்று நிச்சயம் செய்துகொண்டு ஒட்டினேன். அவள் வந்து பார்த்தபோது உரிந்து கிடந்தன. "அடடா" என்றேன். இன்னொரு வாரம், அவள் ஒட்டிவிட்டுப் போன துண்டுகளை நானே விரலால் ஆட்டி ஆட்டித் தளர்த்தினேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். எஸ்டேட்டு ஆயாக்கொட்டாயில் அத்தனை வருசம் ஊரார் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டியவள் நான், ஒரு பிள்ளையைக் கிள்ளியதில்லை. இந்த வயதில் கிள்ளினேன்.

ஒவ்வொரு முறை விழும்போதும் அவள் சேதமான ஓரத்தை மறுபடி வெட்டி மறுபடி ஒட்டினாள். துண்டுகள் சிறுத்துக்கொண்டே வந்தன. அவளுக்கு ரொம்பப் பிடித்த ஊதாக் கிளை ஒன்று இருந்ததே, நீ அவள் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது, அது ஒரு ஞாயிறு வெறும் வெள்ளை எலும்பாக நின்றது. அவள் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "பாவம் அத்தை. நம்ம கையிலதான் என்னமோ சரியில்ல" என்றாள். நம்ம கை என்றாள். என் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

இப்படி மூடி மறைக்கிற புத்தி எனக்குப் புதிது என்று நினைக்காதே. நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பூசை அலமாரியில் இருந்த களிமண் சரஸ்வதியைப் பந்தடித்து உடைத்தாய். பயந்துபோய், சோற்றுப் பருக்கையைப் பிசைந்து தலையை ஒட்டி வைத்தாய். ஒட்டினது எனக்குத் தெரியும். உன் அப்பா அப்போது உயிரோடு இருந்தார், செம்பனைக் குலை வெட்டிவிட்டு அலுத்து வருகிற மனிதர், கேட்டால் பெல்ட்டை எடுப்பார் என்று, நான் பூ மாலையைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கழுத்தை மறைத்தேன். சோறு காய்ந்து எறும்பு வந்தபோது பூனை தள்ளிவிட்டது என்றேன். அப்படி எத்தனையோ மறைத்தேன். பெர்த்துக்குப் போன கொஞ்ச நாளில் நீ போன் எடுப்பதில்லை என்று யோகேஸ் வந்து நின்றபோது, "வேலையா இருப்பான் லா, ஆம்பளப் புள்ளய நொய் நொய்னு அரிக்காத" என்று அவளைத்தான் அதட்டினேன். அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டு என்னடா நடக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா, தெரியாது. அவள் பக்கம் ஒரு ஆள் நின்றிருக்கும். அது நடக்கவில்லை.

ஒரு நாள் யோகேஸின் அம்மா போன் செய்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னை "சம்பந்தியம்மா" என்றுதான் கூப்பிடுவார். அன்று "அக்கா" என்றார். அந்த முதல் சொல்லிலேயே எனக்கு விளங்கிவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. கோலா கிளாவாங்ல ஒரு எடம் வந்திருக்கு. மளிகைக் கடை வச்சிருக்காரு, நல்ல மனுசன். அவருக்கும் இது ரெண்டாவதுதான். எல்லாத்தயும் சொல்லிட்டோம். ஆனா புள்ள வாரா வாரம் பழைய வீட்டுக்கு போயிட்டு வந்துகிட்டிருந்தா நாளைக்கு ஒரு பேச்சு வரும்லா. நான் சொன்னா தொட்டி வேல முடியட்டும்ங்குது. அது எப்பதான் அக்கா முடியும்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் நாலு கேட்டிருப்பேன். அந்த அம்மா கெஞ்சினார். "இந்த மாசத்தோட முடிஞ்சிரும். நான் முடிச்சிக் குடுக்குறேன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

யோகேஸிடம், நான் கூப்பிடும்வரை வரவேண்டாம், எனக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். பஸ் ஏறிச் சிரம்பானுக்குப் போய், மீன் கடையில் மெருகில்லாத பீங்கான் பிளக்காகப் பார்த்து வாங்கினேன். இரும்புச் சாமான் கடையில் கெட்டி ஜெல் குளூவும் தூண்டில் நரம்பும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு துண்டின் அடியையும் துணியால் ஒற்றி எடுத்து, குளூவை வைத்து, பிளக்கில் அழுத்தி, தண்ணீருக்குள் முக்கி, அது தோல் கட்டும்வரை கையை எடுக்காமல் பிடித்திருந்தேன். மெத்துத் துண்டுகளைப் பவளக் கல்லின்மேல் வைத்து, நரம்பை இறுக்காமல் தளர்த்தாமல் சுற்றி, நீரோட்டம் அடிக்காத மூலையில் வைத்தேன். தினமும் காலையில் பார்த்தேன், தொடவில்லை. சில நாளில் ஒவ்வொன்றாக வாயைத் திறந்தன. அடியில் தோல் படர்ந்து பிளக்கின்மேல் ஏறியது. அதைப் பார்க்க எவ்வளவு அழகாக இருந்ததோ அவ்வளவு வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. என்னுடைய ஞாயிற்றுக்கிழமைகளை நானே என் கையால் ஒட்டி முடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கூப்பிட்டேன், வந்தாள். தொட்டிக்குள் கையை விட்டு ஒன்றைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. இன்னொன்றை இழுத்தாள். அதுவும் அசையவில்லை. "நல்லா பிடிச்சிருக்கு அத்தை. யாரு ஒட்டுனது?"

"நாந்தான்."

"அப்ப ஒங்களுக்கு ஒட்டத் தெரியும்."

"தெரியும்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலேயே சொன்னாள். "எனக்கும் தெரியும் அத்தை. மங்குல வழவழப்பு பக்கமா ஒட்டி வச்சீங்கல்ல, அன்னைக்கே தெரியும். கேட்டா நிறுத்திருவீங்கன்னுதான் கேக்கல."

இதை எழுதும்போதும் என்னால் தாங்க முடியவில்லை. என் வயிற்றில் பிறந்த உனக்கு என் வீட்டுக்கு வர ஒரு காரணமும் கிடைக்கவில்லை. எவளோ பெற்ற பெண், வருவதற்குக் காரணம் தீர்ந்துவிடக்கூடாது என்று, தான் ஆசையாக வளர்த்தது கண்ணெதிரே சாகும்போதும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

தெர்மாகோல் பெட்டியில் தண்ணீர் நிரப்பி ஒவ்வொன்றாக அடுக்கினோம். "ஒண்ணாவது வச்சிக்குங்க அத்தை, சின்ன பாட்டில் தொட்டி ஒண்ணு நான் செட் பண்ணிக் குடுக்குறேன்" என்றாள். வேண்டாம் என்றேன். ஒன்று இருந்தாலும் அதைப் பார்க்க வருவாள் என்று நான் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன், எனக்கு என்னைத் தெரியும். கிளம்பும்போது காலில் விழுந்தாள். திருநீறு பூசிவிட்டேன். "கல்யாணத்துக்கு வருவீங்கல்ல?" என்று கேட்டாள். வருகிறேன் என்று பொய் சொன்னேன். பழைய மாமியார் போய் மண்டபத்தில் உட்கார்ந்தால் ஊர் மணமக்களைப் பார்க்காது, என்னைத்தான் பார்க்கும். காடி செம்பனை மரங்களுக்கு நடுவே ரொம்ப மெதுவாகப் போனது, உள்ளே இருப்பது குலுங்கக் கூடாது என்று. அதனால் திரும்பும்வரை வெகுநேரம் தெரிந்துகொண்டே இருந்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. சாபம் எதுவும் இல்லை, நீ பயப்படாதே. பெற்றவள் வயிறு பிள்ளையைச் சபிக்காது. ஆனால் உன் கல்யாணத்துக்கு வர எனக்கு மனசில்லை, அவள் கல்யாணத்துக்குப் போக எனக்கு உரிமை இல்லை. இரண்டு நாளும் நான் வீட்டில்தான் இருப்பேன். வரப்போகிற பெண்ணை நன்றாக வைத்துக்கொள். அவள் கூப்பிட்டால் போனை எடு. உனக்கு அலுக்கும்போதெல்லாம் அவளைப் பிடுங்கி நட்டுக்கொண்டிருக்காதே, ஓரிடத்தில் வேர்பிடிக்க விடு. தப்பு உன்னுடையதாக இருந்தால் நீயே சொல்லிவிடு, மறைத்துவைக்க அங்கே நான் இல்லை.

கல்யாணம் முடிந்ததும் அவளை என்னோடு போனில் பேசச் சொல்வாய். பேசட்டும், நல்லபடியாகத்தான் பேசுவேன். அவள் என்னை ஆண்ட்டி என்று கூப்பிடட்டும், அம்மா என்று வேண்டுமானாலும் கூப்பிடட்டும். அத்தை என்று மட்டும் கூப்பிடச் சொல்லாதே, முகிலா. அந்தச் சொல் காதில் விழுந்தால் நான் போனை அப்படியே வைத்துவிட்டு வாசலைப் பார்க்கப் போய்விடுவேன்.

அம்மா